பூண்டுப் பாட்டும் மூன்று நிமிட டிரங்க் காலும்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து பத்து. நான் முதலில் பார்த்தது, கிதார்க் கம்பிகளின்மேல் ஒரு கை அசையாமல் நின்றதை.

கூட்டம் சிரித்தது அதற்குப் பிறகு. இந்த வரிசை முக்கியம். அன்று மண்டபத்தில் இருந்த யாரைக் கேட்டாலும், சனங்கள் சிரித்ததால் பாட்டுக்காரன் தடுமாறி நிறுத்திவிட்டான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நடந்தது அப்படியல்ல. கை முதலில் நின்றது. ஒரு நொடி கழித்தே சிரிப்பு வந்தது. இதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அதனால்தான் நான் அந்தச் செய்தியின் பின்னால் போனேன்.

பத்திரிகை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம், செய்தி எழுதுவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல மேசைக்கு எதிரே ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதிய ஒரு செய்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. தகவல் பிழையும் இல்லை.

அறுபதுகளின் பின்பகுதி. மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு நாளிதழுக்கு நான் சீசன் நிருபர். ஏப்ரல் பாதியில் மலையேறினால் ஜூன் மழை பிடிக்கும்வரை கொடைக்கானலில் வாடகை அறை. மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி, வந்துபோகும் பெரிய மனிதர்கள், உருளைக்கிழங்கு விலை. தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குத் தபால் நிலையத்திலிருந்து டிரங்க் கால், அதாவது வெளியூர் அழைப்பு போட்டு, மூன்று நிமிடத்துக்குள் செய்தியைச் சொல்லி முடிக்க வேண்டும். மறுமுனையில் எழுதிக்கொள்பவர் எங்கள் செய்தி ஆசிரியர்.

அவரிடம் நான் வாங்கிய முதல் திட்டு பெயர் பற்றியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏரியில் படகு கவிழ்ந்து ஒருவரைக் காப்பாற்றினார்கள் என்று சொன்னேன். 'ஒருவர்னா யாருய்யா? அவருக்கு அப்பா அம்மா பேரு வைக்கலையா?' என்றார். காப்பாற்றப்பட்டவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார், விசாரிக்க முடியவில்லை என்றேன். 'அப்ப அது செய்தி இல்ல, வதந்தி. வை போனை.' அதன்பின் நான் ஆள் பெயர், ஊர்ப் பெயர், வயது இல்லாமல் எதையும் அனுப்பியதில்லை. இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் பிறகு என் காலை வாரியது.

அந்த சீசனில் ஏரிக்கு மேலே இருந்த ஒரு ஓட்டலில், மாலைத் தேநீர் வேளையில் ஒரு குழு பாடிக்கொண்டிருந்தது. கிதார், அக்கார்டியன், பாங்கோஸ். மூன்றே பேர். கிதார் வாசித்துப் பாடியவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அங்கே இளைஞர்கள் தமிழில் பாட ஆரம்பித்திருந்த துள்ளலான மெட்டுகளை அவன் கொண்டுவந்திருந்தான். அதை அவன் 'பொப்' என்பான். கொடைக்கானல்காரர்கள் 'பாப்' என்று திருத்துவார்கள். 'ரெண்டும் ஒன்னுதாங்க, காலு ஆடினா சரி' என்பான்.

மெட்டு அவனுடையது. பாட்டு எழுதியவர் ஊரில் ஒரு பெண்கள் பள்ளியின் தமிழ் டீச்சர். சொந்த ஊர் பழனிப் பக்கம். அடிவாரத்தில் அவர்கள் வீட்டாருக்கு மாலைக்கடை. அவர் செய்த காரியம் அப்போது யாரும் செய்யாதது. பழைய அகப்பாட்டுகளின் நாயகிகளை எடுத்து, கொடைக்கானல் வீதியில் நடக்கவிட்டார். வீட்டுக்குள் அடைத்துவைக்கப்பட்ட நாயகி, அவருடைய பாட்டில் ஹாஸ்டல் பெண்ணாக ஆனாள். காவல் காக்கும் செவிலித்தாய் வார்டன் அம்மா ஆனார். நாயகியின் குடையை வாங்கிப் பூட்டிவைத்துவிடுவார். மழைக்காலம் முழுக்க அவள் வெளியே போக முடியாது. இன்னொரு பாட்டில் நாயகி தொலைபேசி ஆபரேட்டர். எல்லோருடைய தூதையும் இணைத்துக் கொடுக்கிறாள், தன் தூதை அனுப்ப அவளுக்கு நம்பர் தெரியாது. கூட்டம் கைதட்டி மறுபடி மறுபடி கேட்கும். வார்டன் பாட்டுக்கு, நிஜமான ஒரு வார்டன் அம்மாவே முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை புதிய பாட்டு. நாயகி மேல்மலையில் பூண்டு போடும் வீட்டுப் பெண். பாடுவது தோழி. முதல் இரண்டு சரணமும் பனி, மலை, பஸ் என்று போயின. மூன்றாவது சரணம் இது:

பரணில் ஏத்தின பூண்டெல்லாம்
பருவம் பார்த்து இறக்கியாச்சு
ஒரு கொத்து மட்டும் புகைக்குள்ளே
ஒருத்தி சொல்லால் நிக்குது

மேல்மலையில் பூண்டை அறுவடை செய்ததும் கொத்துக் கொத்தாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். புகை பட்டால் கெடாது. நடவுக்காலம் வரும்போது விதைக்கு இறக்குவார்கள். இது தெரியாத சீசன் கூட்டத்துக்கு, காதல் பாட்டில் பூண்டு வந்ததே வேடிக்கை. சிரித்தார்கள். ஆனால் 'ஒரு கொத்து மட்டும்' என்ற இடத்திலேயே அவன் கை நின்றுவிட்டது. கடைசி வரியை வாத்தியம் இல்லாமல், சொல்வதைப்போல மெதுவாகச் சொல்லிவிட்டு மேடையின் பக்கவாட்டில் நின்றிருந்த டீச்சரைப் பார்த்தான். டீச்சர் அவனைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பக்கத்து நாற்காலியில் இன்னொரு பத்திரிகையின் நிருபர். 'அடுத்து சுக்கு, மிளகு, திப்பிலியா?' என்று சிரித்தார். குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். எனக்குக் கவலை வந்தது. பாட்டுக்காக அல்ல. அவர் முந்திக்கொள்வாரோ என்று.

நிகழ்ச்சி முடிந்ததும் டீச்சரைப் பிடித்தேன். ஓட்டலிலிருந்து ஏரி இறக்கத்தில் நடந்துகொண்டிருந்தார். பழுப்பு நிறக் குடை. கைப்பிடியில் ஓர் இடத்தில் கறுப்பு நூல் சுற்றியிருக்கும்.

'அந்தக் கடைசி சரணத்த அவருக்கு முன்னாடியே குடுக்கலையா நீங்க?' என்றேன்.

'ஏன் சார்?'

'அவரு கை நின்னுச்சு. சிரிப்புக்கு முன்னாடி.'

டீச்சர் நடையை நிறுத்தினார். 'போலீஸ் வேலைக்குப் போக வேண்டிய ஆளு, பேப்பருக்கு வந்துட்டீங்க' என்றார். பிறகு சிரித்தார். அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதை இப்போதும் சொல்வேன். தான் எறிந்தது விழ வேண்டிய இடத்தில் விழுந்துவிட்டது என்ற சந்தோஷம். சந்தோஷத்தில் இருப்பவர்கள்தான் நிருபரிடம் அதிகம் பேசிவிடுவார்கள். இதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

அவர் சொன்னது இது. கொடைக்கானலுக்கு வருமுன் அவர் மேல்மலை ஊர் ஒன்றின் ஓரறைப் பள்ளியில் இரண்டு வருடம் வேலை பார்த்தார். அங்கே ஒரு விவசாயியின் மகள் அவருக்குச் சிநேகிதி ஆனாள். கச்சேரி நடந்த அதே வருடம் தை, மாசியில் அந்த ஊருக்கு மரக்கன்று நடும் வேலைக்கு வந்த கூட்டத்தில் கிதார்க்காரனும் இருந்தான். அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் பழக்கம். வேலை முடிந்து அவன் கிளம்பியது, பூண்டைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்த நாள். 'இதை விதைக்கு இறக்குமுன்ன வந்து கேக்குறேன்' என்று ஒரு கொத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்தான். பிறகு போகவில்லை. ஊரில்லாத, நிலமில்லாத தன்னை எவன் மதிப்பான் என்ற கூச்சம். சென்னையில் ஒரு வாத்தியக் குழுவும் அவனைக் கூப்பிட்டிருந்தது. இப்போது நடவு நெருங்கிவிட்டது. மற்ற கொத்தெல்லாம் இறங்கிவிட்டன. அந்த ஒன்றை மட்டும் அவள் தொடவிடவில்லை. அப்பாவோ தாய்மாமன் மகனுக்கு முடித்துவிடலாம் என்கிறார்.

'நேரா அவருகிட்டச் சொல்லியிருக்கலாமே' என்றேன்.

'சொன்னா தலையக் குனிஞ்சுக்கிட்டு, பாப்போம் டீச்சர்னு போயிருவாரு. பழைய பாட்டுல தோழி நேராவா சொல்றா? அவன் வேலிக்கு வெளிய நிப்பான். இவ வேற யாருகிட்டயோ பேசுற மாதிரி பேசுவா. அவன் காதுல விழணும், அவ்வளவுதான். நான் வேலிக்குப் பதிலா மைக்கு வச்சேன்.'

'விழுந்துச்சா?'

'ஞாயித்துக்கிழமை பஸ்ல போறாரு. மேடைய விட்டு எறங்கினதும் அதத்தான் கேட்டாரு, ஞாயித்துக்கெழம பஸ் உண்டான்னு. கூட ஒரு பெரியவரக் கூட்டிட்டுப் போயி முறையாக் கேக்கணும். அவ அப்பாகிட்ட நான் போன மாசமே பேசிட்டேன் சார். அவரு ஒரே ஒரு கண்டிஷன் போட்டாரு. ஊர் வாயில விழாம வந்து கேட்டா யோசிக்கிறேன்னாரு.' பிறகு அவருக்குத் தான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. 'சார், பேரு கீரு போட்டுறாதீங்க.'

'போடமாட்டேன்' என்றேன். நான் அந்த வாக்கைக் காப்பாற்றினேன்.

மறுநாள் சனிக்கிழமை. பன்னிரண்டு மணிக்குத் தபால் நிலையத்தில் வரிசை. என் கையில் செய்தி தயாராக இருந்தது. காலையில் மூன்று மணி நேரம் செலவழித்து எழுதியது. அகப்பாட்டு நாயகி பாப் பாட்டுக்குள் வந்த கதை, சிரித்த கூட்டம், நின்ற கை, பரணில் தொங்கும் கொத்து. நன்றாக வந்திருந்தது. இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆள் பெயர் எதுவும் இல்லை. ஆனால் ஊர்ப் பெயர் இருந்தது. அத்துடன் அந்த வீட்டைப் பற்றி ஓர் அடையாளம். அதை டீச்சர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். இங்கே இரண்டையும் சொல்லவில்லை. பள்ளங்கியா, வடகவுஞ்சியா, கூக்காலா என்று தேட வேண்டாம். எதைச் சொன்னாலும் ஆமாம் என்றோ இல்லை என்றோ நான் பதில் தரப்போவதில்லை.

திங்கட்கிழமை வரை பொறுத்திருக்கலாம். பொறுக்காததற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. பக்கத்து நாற்காலிக்காரர் முந்திவிடுவார். ஞாயிறு இதழில்தான் இத்தகைய செய்திக்கு இடம் கிடைக்கும். தவிர, நான் கணக்குப் பார்த்திருந்தேன். பத்திரிகை ஏஜண்டிடம் விசாரித்ததில், அந்த மலைப் பாதை முழுவதற்கும் எங்கள் பத்திரிகை மூன்று பிரதி போகிறது என்றார். மூன்று பிரதி ஒரு பொருட்டா? பழைய புலவர்களும் நாயகி பெயரை மறைத்தார்களே தவிர மலையை மறைக்கவில்லையே? இப்படியெல்லாம் யோசித்தேன். யோசனை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருந்தது.

லைன் கிடைத்தது. சொல்ல ஆரம்பித்தேன். செய்தி ஆசிரியர் எழுதிக்கொண்டே வந்தார். ஊர்ப் பெயர் வந்ததும் பென்சில் சத்தம் நின்றது. அந்த லைனில் பென்சில் சத்தம் கேட்காது என்பீர்கள். அவர் எழுதும்போது மூச்சுவிடுவது கேட்கும். அது நின்றது.

'ஊரு வேணுமாய்யா?' என்றார்.

'வேணும் சார்.'

'பொண்ணு பேரு இல்லேங்கிற. ஊரு மட்டும் எதுக்கு?'

'ஊரு இல்லாட்டி கட்டுக்கதை மாதிரி இருக்கும் சார். நீங்கதான சொன்னீங்க, பேரில்லாம இருந்தா வதந்தின்னு.'

ஆபரேட்டர் குறுக்கே வந்து, 'ரெண்டு நிமிஷம் ஆச்சு' என்றாள்.

'நீ அங்க இருக்க. நான் இங்க இருக்கேன்' என்றார் அவர். 'திரும்பக் கேக்குறேன். ஊரு வேணுமா?'

'வேணும்.'

'சரி, சொல்லு' என்று மூச்சுவிட ஆரம்பித்தார்.

மேசையில் இருப்பவர் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால், அவருக்குக் காது கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. களத்தில் இருப்பவன்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அவர் நினைத்தார். அது சரியான நினைப்பு. ஆனால் என்னிடம் மிச்சமிருந்த நிமிடம் ஒன்று. அந்த ஒரு நிமிடத்தை நான் அடையாளத்தைச் சொல்லப் பயன்படுத்தினேன்.

ஞாயிறு. மதுரையிலிருந்து பத்திரிகைக் கட்டு பத்தரை மணிக்கு மலையேறி வரும். மேல்மலை பஸ் பதினொன்றுக்குக் கிளம்பும். இந்த இரண்டு நேரமும் எனக்கு மனப்பாடம். அவற்றை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. பஸ் நிலையத்தில் நின்று என் செய்தியைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பக்கம், மேலே, பெட்டி கட்டி. நிமிர்ந்தபோது அந்த பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் கிதார்க்காரன். வெள்ளை வேட்டி, மடியில் பழத் தட்டு, பக்கத்தில் ஒரு பெரியவர். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் எங்கள் பத்திரிகையின் மூன்று பிரதிகள், சணல் கட்டிக் கிடந்தன.

அவன் என்னைப் பார்த்துக் கையசைத்தான். நானும் அசைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் என் அறைக்கு வந்தான். கதவைத் தட்டவில்லை. உள்ளே வந்து, துணிப்பையிலிருந்து ஒரு பூண்டுக் கொத்தை எடுத்து மேசைமேல் என் காகிதங்களுக்குப் பக்கத்தில் வைத்தான். தோல் கறுத்திருந்தது. அறை முழுக்கப் புகை வாசம்.

'உக்காருங்க' என்றேன்.

'இருக்கட்டும்ங்க.' நின்றுகொண்டே சொன்னான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். 'ஊருக்குப் பிரியுற கைகாட்டில எறங்கினோம்ங்க. அங்கருந்து ஊருக்கு ஒரு மைல் நடக்கணும். பஸ்ஸு தூசி. ஓடையில மொகங்கழுவி சட்டை மாத்திக்கிட்டுப் போவோம்னு பெரியவர்கிட்ட நான்தான் சொன்னேன். இருவது நிமிசம் இருக்குமுங்களா? அதுக்குள்ள கைகாட்டி டீக்கடையில பேப்பரப் பிரிச்சு, ஒருத்தரு உரக்க வாசிச்சு, ஆளுங்க வெரசா ஊருக்குள்ள எறங்கிப் போயிட்டாங்க. நான் போயி நிக்கிறப்போ வாசல்ல இருவது பேரு.'

'அவங்க அப்பா என்ன சொன்னாரு?'

'மருவாதியாத்தான் சொன்னாரு. தண்ணி குடுத்தாங்க. தம்பி, நீங்க நேத்து வந்திருந்தா வேற பேச்சு. இன்னைக்குப் பேப்பர்ல வந்த மாப்பிள்ளைக்குப் பொண்ணு குடுத்தேன்னா, பேப்பர்ல வந்ததெல்லாம் நெசம்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிரும்னாரு. பெரியவரு எம்புட்டோ பேசினாரு. அவங்கப்பா உள்ள போயி, பரண்லேருந்து இத எறக்கிக் கொண்டாந்து என் கையில குடுத்தாரு. இதுக்குத்தான வந்தீங்க, எடுத்துட்டுப் போங்கன்னாரு.'

'அவங்களப் பாத்தீங்களா?'

'இல்லீங்க. உள்ள கேட்ட பேச்சுச் சத்தம் நின்னுச்சு. அது மட்டும் தெரிஞ்சது.' கொஞ்ச நேரம் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். 'அங்க எங்களக் கள்ளத்தோணின்னாங்க. இங்க சிலோன்காரன்றாங்க. எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்றதுன்னுதான் நான் பயந்துக்கிட்டே போனேன். அத அவரு கேக்கவே இல்லீங்க.'

போய்விட்டான். கொத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று பன்னிரண்டு மணிக்கு டிரங்க் காலில் செய்தி எதையும் சொல்லாமல், நடந்ததை மட்டும் சொன்னேன். திருத்தம் போடலாமா, ஊர்ப் பெயர் தவறு, கற்பனை என்று ஒரு வரி போடலாமா என்று கேட்டேன்.

'எது தப்பு அதுல?' என்றார் செய்தி ஆசிரியர்.

'எதுவும் தப்பில்ல சார்.'

'அப்ப பொய்யத் திருத்தமாப் போடச் சொல்ற. போட்டா படிக்காம விட்டவனும் படிப்பான். ரெண்டாந்தடவ ஊரச் சொன்ன மாதிரி ஆகும்.' பிறகு, 'நான் மூணாந்தடவ கேட்டிருக்கணும்' என்றார். அதற்குப் பிறகு அவர் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் பேசவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் அந்தப் பாட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பிறகு ஒருநாள் கேட்டதற்கு, அன்று குறிப்பேட்டில் எழுதியது வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியல் என்றார்.

டீச்சரைச் சந்திக்க மூன்று நாள் ஆனது. பள்ளி வாசலில், நாலேகால் மணிக்கு. மலைப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை குளிர்காலத்தில்தான். பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராக, நான் பெயர் போடவில்லை என்பதைச் சொல்ல வைத்திருந்தேன். சொல்லியும்விட்டேன்.

'போடல சார். வாஸ்தவம்தான்' என்றார்.

'பழைய பாட்டுலயும் மலை வருது, சுனை வருது, மரம் வருது...'

'வருது. மலை இருக்கும் சார். அதுக்கு எந்த பஸ்ல ஏறி எங்க எறங்கணும்னு இருக்காது.' குடையை விரித்தார். மழை இல்லை. 'அவங்க எதுக்குப் பேர விட்டாங்கன்னு பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பாடம் எடுக்கேன். எல்லாப் பொண்ணுக்கும் பொதுவா இருக்கட்டும்னு விட்டாங்கன்னு சொல்லிக் குடுத்தேன். அது மட்டும் இல்ல போலருக்கு. அந்தப் பொண்ணு ஊருல குடியிருக்கணும்ல?'

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். 'எனக்கும் பங்கு இருக்கு சார்' என்றார். 'வேலிக்கு வெளிய அவன் மட்டும்தான் நிக்கான்னு நெனச்சேன். நீங்களும் நின்னீங்க.'

அதன்பின் அந்த சீசன் முடியுமட்டும் நான் தேநீர் நேரக் கச்சேரிக்குத் தினமும் போனேன். செய்திக்காக அல்ல. டீச்சர் ஒருநாளும் வரவில்லை. வார்டன் பாட்டையும் ஆபரேட்டர் பாட்டையும் பாடினார்கள். பூண்டுப் பாட்டைக் கேட்டுச் சீட்டு அனுப்பியவர்களுக்கு, அது மறந்துபோச்சு என்று கிதார்க்காரன் மைக்கில் சிரித்துக்கொண்டே சொன்னான். பேப்பரில் வந்த பாட்டாயிற்றே, எப்படி மறக்கும் என்று ஒருவர் கூட்டத்திலிருந்து கத்தினார். ஏரி இறக்கத்தில் பழுப்புக் குடை போனால் நான் நடையை வேகமாக்கிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் அது வேறு யாரோ. அடுத்த கல்வி ஆண்டில் அவர் பழனிக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டதாகப் பள்ளி எழுத்தர் சொன்னார். எந்தப் பள்ளி என்ற கேள்வி எனக்கு வாய்வரை வந்தது. எனக்கு விசாரிக்கத் தெரியும். ஒரு நாளில் கண்டுபிடித்திருப்பேன். விசாரிக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஆனி கடைசியில், அதே ஊரிலேயே, தாய்மாமன் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. இதையும் நான் விசாரித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அடுத்த சீசனில் பூண்டு விற்க வந்த ஒருவர் ஏஜண்ட் கடையில் நின்று தாமாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயரையும் சொன்னார். அதுவரை எனக்கு அது தெரியாது.

உங்களில் சிலர் கேட்பீர்கள், அப்படியானால் ஊர் பேர் இல்லாமல்தான் எழுத வேண்டுமா என்று. இல்லை. ஏரியில் விழுந்தவரின் பெயரை நான் இன்றும் தேடிப் போவேன். அங்கே பெயர் இல்லாதது என் சோம்பேறித்தனம். மலை வீட்டுப் பெண் விஷயத்தில், பெயரைத் தவிர எல்லாவற்றையும் சொன்னது என் சாமர்த்தியம். சாமர்த்தியம்தான் அதிகக் கெடுதல் செய்தது. நீங்கள் அனுப்பும் பத்திரிகை எந்த பஸ்ஸில் போகிறது, அதே பஸ்ஸில் வேறு யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கிதார்க்காரன் சென்னைக்குப் போனான். அடுத்த சீசனில் வேறொரு குழுவோடு இரண்டு வாரம் வந்தான். என்னைப் பார்த்தால் தலையசைப்பான். பேச்சு இல்லை. மேல்மலை பஸ்ஸின் கண்டக்டர் எனக்குப் பழக்கம். அவர்தான் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். ஞாயிறு இரண்டும் அவன் பதினொரு மணி பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கினானாம். அங்கே இறங்காமல் அதே இருக்கையில், அதே பஸ்ஸில் திரும்பினானாம். 'சிலோன்காரருக்கு மலை பாக்க ஆசை போல' என்றார் கண்டக்டர்.

அந்த பஸ் போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் கைகாட்டியில் இரண்டு நிமிடம் நிற்கும்.